தானே நிற்கும் வண்டியும் தூங்க நேரமில்லாத டிரைவரும்

(ஓசூர் சிப்காட் வட்டாரத்தில், ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இந்த ஓசூரில் நாம் லாரி செய்கிறோம், மோட்டார் சைக்கிள் செய்கிறோம், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்கிறோம். ஷிப்டு முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தால் அதே லாரிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிறோம். ஆகவே தானே ஓடும் மோட்டார் என்பது அமெரிக்காக்காரன் சமாசாரம், நமக்கு எதற்கு என்று தள்ளிவிட முடியாது.

"டிரைவர் இல்லாத வண்டி வந்தால் எங்கள் பிழைப்பு என்ன ஆகும்?" என்று லாரி டிரைவர்கள் கேட்கிறார்கள். மத்திய சர்க்காரின் போக்குவரத்து மந்திரி நிதின் கட்காரி இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். 2017இல் சொன்னார், 2023 டிசம்பரில் நாகபுரியில் மறுபடியும் சொன்னார். டிரைவர் இல்லாத கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டேன், டிரைவர்களின் வேலை போய்விடும் என்றார். வேலையைப் பறிக்கும் யந்திரம் வேண்டாம் என்று ஒரு மந்திரியே சொன்னால் கை தட்டத் தோன்றுகிறது. கொஞ்சம் பொறுத்துத் தட்டுவோம். ரோட்டில் நடப்பது என்ன, சட்டத்தில் இருப்பது என்ன என்று பார்த்துவிடுவோம்.

முதலில், இது என்ன சாமான்? வண்டியின் மூக்கில் ஒரு ரேடார் வைக்கிறார்கள். வௌவால் இருட்டில் குரல் கொடுத்து, அது திரும்பி வருவதைக் கேட்டு, எதிரே சுவர் இருக்கிறது என்று அறிகிறதல்லவா? அதே வேலையை ரேடார் ரேடியோ அலையைக் கொண்டு செய்கிறது. முன் கண்ணாடியில் ஒரு கேமரா. இரண்டும் கண்டதைக் கூட்டிப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர். முன்னால் போகிற வண்டி திடீரென்று நின்று, டிரைவர் பிரேக் போடாவிட்டால், யந்திரம் போடுகிறது. ரோட்டில் போட்ட வெள்ளைக்கோட்டை விட்டு வண்டி விலகினால் எச்சரிக்கிறது. சில வண்டிகளில் ஸ்டியரிங்கையே கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது.

அமெரிக்க எஞ்சினீயர்கள் சங்கம் இதற்குப் பூஜ்யம் முதல் ஐந்து வரை படி வகுத்திருக்கிறது. இரண்டாம் படியில் ஸ்டியரிங், பிரேக் இரண்டையும் யந்திரம் கவனிக்கும். ஆனால் டிரைவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. மூன்றாம் படியில், குறிப்பிட்ட ரோட்டில், குறிப்பிட்ட வேகத்துக்குள் அவர் கண்ணை எடுக்கலாம். ஐந்தாம் படியில் டிரைவரே வேண்டாம். நம் நாட்டில் 2020இல் எம்.ஜி. கம்பெனியின் குளோஸ்டர் காரிலும், 2021இல் மகிந்திராவின் எக்ஸ்.யூ.வி. 700 காரிலும் இந்தச் சாதனங்கள் வந்தன. பிறகு பல கம்பெனிகளும் வைத்தன. கடையில் விற்பது இரண்டாம் படியோடு சரி. விளம்பரத்தில் கையை விட்டுவிட்டுச் சிரிக்கிற ஆளைக் காட்டினாலும், சட்டத்தின் கண்ணில் அது டிரைவர் ஓட்டுகிற வண்டிதான். (நம் ஜில்லாவில் ஸ்கூட்டர் ஆலை வைத்திருக்கும் ஓலா கம்பெனி 2024 ஏப்ரல் முதல் தேதியன்று தானே ஓடும் ஸ்கூட்டர் என்று ஒன்றை அறிவித்தது. ஜனங்கள் தேதியைப் பார்த்துச் சிரித்தார்கள். வேடிக்கையில்லை, மாதிரி வண்டி உண்மையிலேயே இருக்கிறது என்று கம்பெனி மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று.)

இதனால் பிரயோஜனம் உண்டா? உண்டு. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் லாரி ஒரு விநாடியில் 22 மீட்டர் தாண்டுகிறது. டிரைவரின் கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒரு விநாடி தாமதித்தால், அந்த 22 மீட்டருக்குள் நிற்பவர் கதி என்ன? அந்த விநாடியை யந்திரம் மிச்சம் பிடித்துத் தருமானால், அதை வேண்டாம் என்று சொல்ல நாம் பைத்தியக்காரர்களா?

ஆனால் யாருக்கு முதலில் தர வேண்டும்? 2022ஆம் வருஷத்துச் சர்க்கார் கணக்கைப் பாருங்கள். நாடு முழுவதும் ரோட்டு விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று தமிழ்நாடே முதலிடம். நாட்டில் செத்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். இரண்டையும் கூட்டினால் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதாவது நாம். ஷிப்டுக்குப் போகிற நாம், களையெடுக்கப் போகிற நாம். இருபது லட்ச ரூபாய்க் காருக்குள் பெல்ட் போட்டு, காற்றுப்பை வைத்து உட்கார்ந்திருப்பவருக்கு யந்திரக் கண் முதலில் வந்தது. நம்மை நசுக்கும் கனம் கொண்ட லாரிக்கும் பஸ்ஸுக்கும் வரவில்லை. ஐரோப்பாவில் 2015 நவம்பரிலிருந்தே புதிய பெரிய லாரிகளிலும் பஸ்களிலும் பெரும்பாலானவற்றுக்குத் தானே பிரேக் போடும் சாதனம் கட்டாயமாகிவிட்டது.

இங்கே 2025 மார்ச்சில்தான் ஒரு நகல் விதி வெளிவந்தது. எட்டுப் பேருக்கு மேல் பிரயாணிகள் ஏறும் வண்டிகளுக்கும், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கும் மூன்று சாதனங்கள் வேண்டும் என்றது அந்த நகல். தானே பிரேக் போடுவது ஒன்று. கோடு விலகினால் எச்சரிப்பது ஒன்று. டிரைவர் தூங்கி விழுந்தால் கண்டுபிடிப்பது ஒன்று. புது மாடல்களுக்கு 2026 ஏப்ரல், ஏற்கெனவே உற்பத்தியில் உள்ள மாடல்களுக்கு 2026 அக்டோபர் என்று தேதியும் எழுதியிருந்தார்கள். நகலில் எழுதிய தேதிக்கும் ரோட்டுக்கு வந்து சேரும் தேதிக்கும் எவ்வளவு தூரம் என்பது நமக்குத் தெரியாததல்ல. அதோடு, இது புதிய வண்டிகளுக்கு மட்டும். நேற்று வாங்கிய லாரி இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் கண்ணில்லாமலே ஓடும்.

புதிய யந்திரத்துக்குச் சட்டம் தடை போடுவது என்பது ஆதியிலிருந்தே உண்டு. 1865இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள்: யந்திர வண்டி ரோட்டில் போனால் அதற்கு 60 கஜ தூரம் முன்னால் ஒரு ஆள் செங்கொடி பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். முதலாளிகளின் தாய்நாட்டிலேயே செங்கொடிக்கு வழிவிட்டு மோட்டார் பின்னால் வந்த காலம் அது! இன்று தடைகள் வேறு மாதிரி. ரேடாரின் அலைக்குக்கூட சர்க்காரின் அனுமதி வேண்டும். 76 முதல் 77 கிகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்கலாம் என்று 2015இல்தான் விதி வந்தது. பூனாவிலுள்ள ஆராய்ச்சி ஸ்தாபனம் தர நிர்ணயம் வகுக்க வேண்டும். ஒரகடம் போன்ற இடங்களில் உள்ள சோதனைத் தடங்களில் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். இவையெல்லாம் அவசியமானவையே. சிவப்பு நாடா என்று முதலாளிகள் முணுமுணுப்பார்கள். பிரேக் விஷயத்தில் நாடா கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பாதகமில்லை.

நம் கவலை, எதை வைத்துச் சோதிப்பார்கள் என்பதுதான். ஐரோப்பாவில் லாரிக்கு வந்த முதல் விதி முன்னால் உள்ள மோட்டார் வண்டியை மட்டும் கணக்கில் எடுத்தது. நடப்பவரைக் கணக்கில் சேர்த்தது வெகு காலம் கழித்துத்தான். இங்கேயும் அப்படிச் செய்தால் என்ன ஆகும்?

நம் ரோட்டை நினைத்துப் பாருங்கள். அத்திப்பள்ளி சுங்கச் சாவடியைத் தாண்டி ஜூஜூவாடியில் தமிழ்நாடு ஆரம்பிக்கிறது. அங்கிருந்து ஓசூர், சூளகிரி, மேலுமலை, குருபரப்பள்ளி வழியாகக் கிருஷ்ணகிரி வரை சுமார் 50 கிலோமீட்டர். முன்பு ஏழாம் நம்பர் என்றார்கள். இப்போது 44ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை. காஷ்மீரத்துச் சரக்கும் கன்னியாகுமரிச் சரக்கும் இந்த ரோட்டில் போகிறது. ஆனால் இரு புறமும் ஊர். ஒரு பக்கம் வீடு, மறு பக்கம் காடு கழனி. எட்டி நடந்து போய்ப் பாலத்தில் ஏறி வர எந்தத் தாய்மாருக்கு நேரம் இருக்கிறது? நடுத் திட்டில் ஏறித் தாண்டுகிறார்கள், தலையில் புல்லுக்கட்டோடு. சுற்றி வர ஒரு லிட்டர் பெட்ரோல் செலவு என்று மோட்டார் சைக்கிள் எதிர்த் திசையில் வருகிறது. மாங்காய்க் காலத்தில் பின் விளக்கில்லாத டிராக்டர். இரவில் ஓரத்தில் நிறுத்திவிட்ட லாரி. அதன் பின்னால் ஒரு சிவப்புத் துணிகூட இராது. விடியற்காலை பெங்களூர் மார்க்கெட்டைப் பிடிக்க ரோஜாவும் கொத்தமல்லியும் ஏற்றிய சின்ன வண்டிகள் பறக்கின்றன. வெள்ளைக்கோடு சில இடத்தில் இருக்கிறது, சில இடத்தில் புழுதிக்கு அடியில் இருக்கிறது.

வெள்ளைக்கோட்டை நம்பும் யந்திரம் கோடில்லாத இடத்தில் என்ன செய்யும்? பேசாமல் விலகிக்கொள்ளும். இல்லாததை இருப்பதாக எண்ணித் திடீரென்று பிரேக் போட்டால், ஒட்டிக்கொண்டு பின்னால் வரும் லாரி என்ன செய்யும்? முட்டும். மூக்கில் இருக்கும் ரேடார் மேல் சேறு அப்பினால்? கண் மூடும். இவற்றையெல்லாம் சொல்லி, யந்திரமே வேண்டாம் என்று நாம் முடிவு கட்டவில்லை. சோதனைத் தடத்தில் புல்லுக்கட்டு சுமந்த பொம்மையையும், விளக்கில்லாத டிராக்டரையும், எதிரே வரும் மோட்டார் சைக்கிளையும் நிறுத்திச் சோதியுங்கள் என்கிறோம். தகுதிச் சான்று வாங்க லாரி வரும்போது, டயரையும் விளக்கையும் பார்க்கிற மாதிரி ரேடாரும் வேலை செய்கிறதா என்று பாருங்கள் என்கிறோம். சுங்கம் வசூலிக்கிறவன் கோடு போட வேண்டும் என்கிறோம். வருஷா வருஷம் கட்டணம் ஏறுகிறதே, பெயிண்டு ஏறக் கூடாதா?

இப்போது தூக்கத்துக்கு வருவோம். டிரைவரின் முகத்துக்கு நேரே ஒரு கேமரா. கண் செருகினால் மணி அடிக்கும். நல்லது. மணி அடித்த பிறகு? வண்டியை ஓரம் கட்டி இரண்டு மணி நேரம் தூங்கினால் சரக்கு தாமதம். தாமதத்துக்குப் பிடித்தம் யார் பேட்டாவில்? விடியற்காலை நாலு மணிக்குக் கிராமங்களிலிருந்து பெண் தொழிலாளர்களை ஏற்றி வரும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர், முதல் நாள் இரவு கடைசி ஷிப்டைக் கொண்டுபோய் விட்ட அதே ஆளாக இருந்தால், அவர் கண் செருகுவதற்குக் கேமராவா காரணம் கண்டுபிடிக்க வேண்டும்?

1961ஆம் வருஷமே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று எழுதி வைத்தது. அறுபது வருஷத்துக்கு மேல் அது புத்தகத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமுலாகி, அந்தச் சட்டமும் அவற்றுக்குள் போய்விட்டது. மந்திரி கட்காரியே 2021 செப்டம்பரில், விமானிகளுக்கு இருப்பது போல லாரி டிரைவர்களுக்கும் ஓட்டும் நேரத்தை வரையறுக்க வேண்டும், தூக்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவியும் வேண்டும் என்று சேர்த்துச் சொன்னார். கருவிக்கு நகல் விதியும் தேதியும் வந்தன. எட்டு மணி நேரத்தை அமுல் செய்ய எந்தச் சாவடியில் எந்த உத்தியோகஸ்தர் நிற்கிறார்? லாரியின் கம்ப்யூட்டருக்கு வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று துல்லியமாகத் தெரியும். டிரைவரின் இமையைக் கண்காணிக்கத் தெரிந்த யந்திரத்துக்கு, எட்டு மணி ஆனதும் முதலாளிக்கும் லேபர் ஆபீசுக்கும் தகவல் அனுப்பவும் தெரியும். அனுப்பச் சொல்லி விதி எழுதினால் போதும். எழுதாவிட்டால் அந்தக் கேமரா புதிய கங்காணிதான். தூங்கினான், அபராதம் போடு என்பதற்குத்தான் உதவும்.

இன்னும் பெரிய விஷயம் ஒன்று. யந்திரம் ஓட்டி, யந்திரம் தவறினால், ஜெயிலுக்குப் போவது யார்?

2018 மார்ச் 18ஆம் தேதி இரவு, அமெரிக்காவில் அரிசோனா ராஜ்யத்தில் டெம்பி என்ற ஊரில், ஊபர் கம்பெனி சோதனைக்காக ஓட்டிய கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண்ணை மோதிக் கொன்றது. விசாரணையில் வெளிவந்த விவரத்தைக் கேளுங்கள். மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே யந்திரம் அந்த அம்மாளைக் கண்டுவிட்டது. கண்டும், இது மோட்டாரா, சைக்கிளா, வேறு ஏதாவதா என்று மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டிருந்தது. காரைச் செய்த வால்வோ கம்பெனி அதில் அவசர பிரேக் சாதனம் வைத்திருந்தது. தங்கள் கம்ப்யூட்டர் ஓட்டும்போது அது குறுக்கிடாதபடி ஊபர் அதை நிறுத்தி வைத்திருந்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் கண்காணிக்க ஒரு தொழிலாளி உட்கார்ந்திருந்தார். அவர் கவனம் ரோட்டில் இல்லை, செல்போனில் இருந்தது என்பதும் உண்மை. முடிவு என்ன? கம்பெனி மீது கிரிமினல் கேஸுக்கு ஆதாரமில்லை என்று 2019இல் அரசாங்க வக்கீல் சொல்லிவிட்டார். தொழிலாளி மீது கேஸ் நடந்து, 2023 ஜூலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கும்படி தண்டனை ஆயிற்று. மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்து, யந்திரம் தவறும் அந்த ஒரு விநாடிக்காகக் காத்திரு என்று மனிதனை வைத்தால் கவனம் தவறத்தான் செய்யும். மில்லில் இரவு ஷிப்டு பார்த்தவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் 2024 மே மாதம் இதற்கென்று ஒரு சட்டம் நிறைவேறிற்று. தானே ஓடும் வண்டி என்று சர்க்கார் அங்கீகரித்த வண்டியில், யந்திரம் ஓட்டும் நேரத்தில் ஓட்டியதில் குற்றம் நேர்ந்தால், உள்ளே உட்கார்ந்திருப்பவர் மீது அந்தக் குற்றம் சாராது. அங்கீகாரம் வாங்கிய கம்பெனியே பதில் சொல்ல வேண்டும். இதைக் கொண்டுவந்தது கன்சர்வேடிவ் சர்க்கார். அவர்களுக்கே தோன்றியிருக்கிறது.

நம் நாட்டில்? மோட்டார் வாகனச் சட்டத்தை 2019இல் திருத்தியபோது 2பி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். புதிய கண்டுபிடிப்பை ஊக்குவிக்க, சில வகை வண்டிகளுக்குச் சட்டத்தின் ஷரத்துகளிலிருந்து மத்திய சர்க்கார் விலக்குத் தரலாம் என்கிறது அது. கம்பெனிக்கு விலக்குத் தர வழி எழுதியாயிற்று. டிரைவருக்கு என்ன எழுதினார்கள்? புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106வது பிரிவு, கவனக் குறைவால் மரணம் நேர்ந்தால் ஐந்து வருஷம் வரை ஜெயில் என்கிறது. முன்பு இரண்டு வருஷம். மோதிவிட்டுச் சொல்லாமல் போனால் பத்து வருஷம் வரை என்றும் எழுதினார்கள். 2024 ஜனவரி முதல் தேதி லாரி டிரைவர்கள் பல ராஜ்யங்களில் ஸ்டியரிங்கை விட்டு இறங்கினார்கள். பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. பேசி முடிவெடுக்கிறோம் என்று சர்க்கார் இறங்கி வந்தது. அந்த வருஷம் ஜூலை முதல் தேதி புதிய சட்டம் அமுலானபோது, அந்தப் பத்து வருஷ உட்பிரிவு மட்டும் அமுலாகாமல் நின்றது.

யந்திரம் பாதி ஓட்டும் லாரியில் விபத்து நேர்ந்தால், பிரேக் போட்டது யந்திரமா டிரைவரா என்பது வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவு கம்பெனியின் கையில். போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது டிரைவர். பதிவின் நகல் டிரைவருக்கும், அடிபட்டவர் குடும்பத்துக்கும் கேட்டவுடன் தர வேண்டும் என்று விதி வேண்டும். 2019 திருத்தத்தில் நமக்குச் சாதகமான இரண்டு ஷரத்துகளும் இருக்கின்றன. குறையுள்ள வண்டிகளைத் திரும்ப வாங்கும்படி கம்பெனிக்கு உத்தரவிடலாம் என்பது ஒன்று. பார்க்கத் தவறுகிற ரேடாரும் குறைதான் என்று அதில் சேர்க்க வேண்டும். இன்னொன்று, தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே, இறந்தவர் குடும்பத்துக்கு ஐந்து லட்சமும் படுகாயமடைந்தவருக்கு இரண்டரை லட்சமும் நஷ்டஈடு கேட்கலாம் என்னும் 164வது பிரிவு. கிராமங்களில் பலருக்கு இது தெரியாமலே கேஸ் முடிந்துபோகிறது, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி மந்திரியின் வாக்குறுதிக்கு வருவோம். டிரைவர் இல்லாத வண்டியை ரோட்டில் விடமாட்டேன் என்றாரே, அந்தச் சட்டத்தின் 3வது பிரிவு லைசென்ஸ் கேட்பது பொது இடத்தில் ஓட்டுவதற்குத்தான். ஆலையின் கேட்டுக்குள் பொது இடம் இல்லை. 2025இல் அசோக் லேலண்ட் கம்பெனி, மைனஸ் ஜீரோ என்ற பெங்களூர்க் கம்பெனியோடு சேர்ந்து தானே ஓடும் லாரி தயாரிக்கப் போவதாக அறிவித்தது. முதலில் எங்கே? துறைமுகம், ஆலை வளாகம் போன்ற இடங்களில். சாமான் சுமக்கும் தள்ளுவண்டிகள் ஆளில்லாமல் ஓடும் ஆலைகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே டிரைவர் வேலை முதலில் போகும் இடம் நெடுஞ்சாலை அல்ல, நம் யார்டு. போகிறவர் ஃபோர்க் லிஃப்டு ஓட்டும் கான்ட்ராக்ட் தோழர். அவர் பெயர் மந்திரியின் பேச்சில் வரவில்லை. நெடுஞ்சாலையில் 22 லட்சம் டிரைவர்கள் குறைவு என்று அதே மந்திரி சொல்லியிருக்கிறார். பதினாலு மணி, பதினாறு மணி ஓட்டச் சொன்னால் எந்த வாலிபன் வருவான்? புதிய லாரிகளுக்குக் குளிர்சாதன கேபின் கட்டாயம் என்ற விதியே 2025இல்தான் அமுலுக்கு வந்தது.

யார்டில் ஆளில்லா வண்டி இறங்கினால் செய்ய வேண்டியது இருக்கிறது. ஆட்குறைப்பு நேரக்கூடிய யந்திர மாற்றத்துக்கு 21 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும் என்பது 1947 தொழில் தகராறுச் சட்டத்தில் 9ஏ பிரிவாக இருந்தது. புதிய தொழில் உறவுத் தொகுப்பில் அது 40வது பிரிவாக இருக்கிறது. பலகையில் நோட்டீஸ் ஒட்டாமல் ஒரு வண்டி வந்தாலும் அன்றைக்கே சங்கத்தில் எழுதிக் கொடுங்கள். எந்த ஷெட், எத்தனை வண்டி, அந்த வேலையை இதுவரை செய்தவர்கள் யார் யார் என்று பெயரோடு கொடுங்கள்.

லாரி, கம்பெனி பஸ் டிரைவர்கள் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளட்டும். கிளம்பிய மணி, நிறுத்திய மணி, மணி அடித்த நேரம், பிரேக் தானே விழுந்த இடம். மேலுமலை இறக்கத்தில் காரணமில்லாமல் எத்தனை தடவை விழுந்தது, சூளகிரியில் ஆள் குறுக்கே வந்தும் விழாமல் போனது எத்தனை தடவை என்று எழுதுங்கள். நகல் விதி வெளியிட்டால் ஆட்சேபணை சொல்ல ஜனங்களுக்கு நாள் குறிப்பது வழக்கம். அந்த நோட்டுகளின் பக்கங்களை அடுத்த நகல் வரும்போது டில்லிக்கு அனுப்புவோம். இந்த மாதக் கடைசிக்குள் இருபது நோட்டுகளாவது சங்க ஆபீசுக்கு வந்து சேர வேண்டும்.